பதக்கம் கொடுத்தவர்கள் சட்டத்தையும் கொடுக்கட்டும்

2016 பிப்ரவரி 24 அன்று வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்ற வளாகத்தில் ஒரு விருது விழா நடந்தது. 1965 மார்ச்சில் அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு நடந்த சாமானியர்களுக்கு, நாடாளுமன்றம் தரக்கூடிய மிக உயர்ந்த கௌரவமான தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. அனைவரின் சார்பிலும் பாதிரியார் ஃபிரெடரிக் ரீஸ் அதைப் பெற்றுக்கொண்டார். இரு கட்சித் தலைவர்களும் வந்திருந்தார்கள், புகழ்ந்து பேசினார்கள். பதக்கத்துக்கான மசோதா பிரதிநிதிகள் சபையில் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் நிறைவேறியிருந்தது. ஆனால் அந்த மக்கள் ரத்தம் சிந்திப் பெற்ற வாக்குரிமைச் சட்டம் முடங்கிக் கிடந்தது. அதற்கு உயிர்கொடுக்கும் மசோதாவை மட்டும் அதே சபை விவாதத்துக்கே எடுக்கவில்லை.

உரிமைக்காக அடிபட்டவர்களைப் பாராட்டும் விழாவுக்கு வருகிறவர், அவர்கள் எதைக் கேட்டு அடிபட்டார்களோ அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். சட்டம் இயற்றும் அதிகாரம் உள்ளவர் என்றால் அந்தக் கடமையிலிருந்து அவர் தப்பவே முடியாது. விழா முடிந்து வீடு திரும்பியதும் எதிர்வாக்குப் போடுகிறவரையோ, மசோதாவைக் கிடப்பில் போடுகிறவரையோ விருந்தினர் என்று மட்டும் கருதி அனுப்பிவிடக் கூடாது.

பதக்கம் வாங்கிய ரீஸ் யார்? செல்மாவில் ஆசிரியர். 1965 ஜனவரி 22 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்களைத் திரட்டிக்கொண்டு, வாக்காளராகப் பெயர் பதியும் உரிமை கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்கு நடந்தார். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது வெள்ளையர் கையிலிருந்த பள்ளி நிர்வாகம். ஒரே உத்தரவில் வேலை போய்விடும். சிறைக்குப் போகத் தயார் என்று காட்டப் பல் துலக்கும் பிரஷ்ஷைக் கையில் எடுத்துப் போனார்கள். ஷெரீஃப் ஜிம் கிளார்க்கின் ஆட்கள் தடியால் குத்தி அவர்களைப் படிகளிலிருந்து கீழே தள்ளினார்கள். அந்த மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பினத்தவர் சுமார் 15,000 பேர். வாக்காளர் பட்டியலில் இருந்தவர்களோ நூற்றுக்கு இரண்டு பேர். பெயர் பதியும் அலுவலகம் மாதத்துக்கு இரண்டே நாள்தான் திறக்கும்.

மார்ச் 7 அன்று செல்மாவின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் காவலர்கள் ஊர்வலத்தினரைத் தாக்கியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்த ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது. செல்மாவின் வாக்குரிமைப் போராளி அமெலியா பாய்ன்டன் அடிபட்டு நினைவிழந்து சாலையில் கிடந்தார். ஐந்தே மாதத்தில், ஆகஸ்ட் 6 அன்று, வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதன் முதுகெலும்பு ஒரே ஏற்பாடுதான்: இனப் பாகுபாட்டில் ஊறிய மாநிலங்களும் வட்டாரங்களும் தேர்தல் விதியில் எந்த மாற்றம் செய்தாலும் முதலில் மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். தவறு நடந்தபின் வழக்காடி அலைவதற்குப் பதில், நடக்குமுன்பே தடுக்கும் வழி அது. 2006-இல் செனட் சபை 98-0 என்ற கணக்கில் இந்தச் சட்டத்தைப் புதுப்பித்தது.

2013 ஜூன் 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், அலபாமாவின் ஷெல்பி மாவட்டம் தொடுத்த வழக்கில், யார் முன் அனுமதி பெற வேண்டும் என்று வரையறுத்த பிரிவை 5-4 பெரும்பான்மையில் ரத்து செய்தது. கணக்கு பழசாகிவிட்டது, நாடாளுமன்றம் விரும்பினால் புதிதாக வகுத்துக்கொள்ளட்டும் என்றது. பொறுப்பு அன்றே நாடாளுமன்றத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. டெக்சாஸ் மாநிலமோ, தீர்ப்பு வந்த அன்றே தன் அடையாள அட்டைச் சட்டத்தைச் செயல்படுத்தப்போவதாக அறிவித்தது. அலபாமாவிலும் 2014 முதல் வாக்களிக்கப் புகைப்பட அடையாள அட்டை கட்டாயமாயிற்று. அடுத்த ஆண்டே, நிதி இல்லை என்று சொல்லி, அந்த அட்டையாகப் பயன்படும் ஓட்டுநர் உரிமத்தை வழங்கும் 31 அலுவலகங்களை மூடப்போவதாக அம்மாநிலம் அறிவித்தது. கறுப்பின மக்கள் மிகுந்த மாவட்டங்கள் பல அதில் அடங்கும். கண்டனம் எழுந்தபின், மாதத்துக்கு ஒரு நாள் திறப்பதாக இறங்கிவந்தது. 1965-இல் செல்மாவில் பெயர் பதியும் அலுவலகம் மாதத்துக்கு இரண்டு நாளாவது திறந்திருந்தது.

இத்தனைக்கும் நடுவில்தான் பதக்க விழா. அன்றைய சபாநாயகர் பால் ரையன், வாக்குரிமைச் சட்டத்தைச் சீரமைக்கும் மசோதாவைத் தனிப்பட்ட முறையில் ஆதரிப்பதாகவும், ஆனால் அதைப் பரிசீலிக்கும் குழுவின் தலைவரை மீறிச் சபைக்குக் கொண்டுவர முடியாது என்றும் அதே மாதத் தொடக்கத்தில் கறுப்பின உறுப்பினர்களிடம் சொல்லியிருந்தார். பதக்கத்துக்குக் கிடைத்த வழி சட்டத்துக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? பதக்க மசோதாவில் குடியரசுத் தலைவர் ஒபாமா கையெழுத்திட்டது 2015 மார்ச் 7. அன்று சக்கர நாற்காலியில் செல்மா பாலத்தைக் கடந்த அமெலியா பாய்ன்டன், நூறு வயதைத் தாண்டியவர், ஐந்தரை மாதத்தில் இறந்துபோனார். அவர் பதக்கத்தையும் பார்க்கவில்லை, தான் அடிவாங்கிப் பெற்ற சட்டம் உயிர்பெற்றதையும் பார்க்கவில்லை.

பாராட்டு விழாக்களே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவற்றால் என்ன செய்ய முடியும் என்பதை அட்லாண்டா நகரம் ஒருமுறை காட்டியது. 1964-இல் மார்ட்டின் லூதர் கிங்குக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஊர் அவரை வரவேற்கத் தயங்கியது. மேயர் ஐவன் ஆலன், கல்வியாளர் பெஞ்சமின் மேஸ், பேராயர் பால் ஹாலினன், யூதகுரு ஜேக்கப் ராத்ஸ்சைல்ட், நாளிதழ் வெளியீட்டாளர் ரால்ஃப் மெக்கில் ஆகியோர் ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்தார்கள். வெள்ளை முதலாளிகள் அழைப்புக்குப் பதிலே போடவில்லை. நோபல் பரிசு வாங்கித் திரும்பிய கையோடு, ஸ்கிரிப்டோ பேனா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த கறுப்பினப் பெண்களோடு கிங் மறியலில் நின்றது அவர்களின் கோபத்தை இன்னும் கிளறியது. விருந்தைக் குலைக்க எஃப்.பி.ஐ. முயன்றதையும், அதற்காக மெக்கிலையும் பேராயரையும் அணுகியதையும் பின்னாளில் செனட் விசாரணை வெளிக்கொண்டுவந்தது.  கடைசியில் கோகோ கோலா தலைவர் பால் ஆஸ்டின், நோபல் பெற்றவரை மதிக்காத ஊரில் இருப்பது தங்கள் நிறுவனத்துக்கு அவமானம் என்று நகரப் பிரமுகர்களிடம் வெளிப்படையாகச் சொன்னதாகவும், அதன்பின் நுழைவுச்சீட்டுகள் விற்றுத் தீர்ந்ததாகவும் கிங்கின் தோழர் ஆண்ட்ரூ யங் பதிவுசெய்திருக்கிறார். 1965 ஜனவரி 27 அன்று டிங்க்லர் பிளாசா ஓட்டலில் வெள்ளையரும் கறுப்பினத்தவருமாகச் சுமார் 1,500 பேர் ஒன்றாக அமர்ந்து சாப்பிட்டார்கள். நகரம் அதற்குமுன் காணாத காட்சி அது. ஐந்து நாள் கழித்து கிங் செல்மாவில் கைதானார்.

மனமில்லாமல் வந்தவர்கள் அந்த அரங்கில் பலர் இருந்திருப்பார்கள். இருந்தாலும் அந்த வருகைக்கு மதிப்பு உண்டு. கறுப்பினத்தவரோடு ஒரே மேசையில் உட்காருவதுதான் அன்றைய கோரிக்கைகளில் ஒன்று; வந்து உட்கார்ந்தவர் அந்த அளவுக்காவது அதற்கு இணங்கினார். 2016-இல் வாஷிங்டன் அரங்கில் உட்கார்ந்தவர்கள் எதற்கும் இணங்க வேண்டியிருக்கவில்லை.

எதிர்க் கருத்துள்ளவர்களை விழாவுக்கு அழைத்தால்தானே மனம் மாறுவார்கள், கேள்வி கேட்டு விரட்டலாமா என்று சிலர் வாதிடலாம். அழைக்கட்டும், கதவை அடைக்கச் சொல்லவில்லை. ஆனால் பேசாமல் கௌரவித்ததன் விளைவு கண்முன் இருக்கிறது. பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸுக்கு 2011-இல் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. 2020 ஜூலையில் அவர் மறைந்தபோது, அஞ்சலி செலுத்தாத கட்சி இல்லை. அவர் பெயரிலேயே கொண்டுவரப்பட்ட வாக்குரிமை மசோதா 2021 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையில் 219-212 என்று தட்டுத்தடுமாறி நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பரில் செனட் சபையில், விவாதத்தைத் தொடங்கவே குடியரசுக் கட்சியில் ஒரே ஒருவர்தான் சம்மதித்தார். 2006-இல் அந்த 98 வாக்குகளில் ஒன்றைப் போட்ட அக்கட்சியினர் பலர் அன்றும் அவையில் இருந்தார்கள்.

ஒவ்வொரு மார்ச்சிலும் செல்மா பாலத்தில் தலைவர்கள் நடக்கிறார்கள். ஜனவரி மூன்றாம் திங்களன்று கிங் பெயரில் நாடெங்கும் விருதுகள் வழங்கப்படுகின்றன. இவற்றை நடத்தும் அமைப்புகள் இனி அழைப்பிதழோடு ஒரு கேள்வியையும் அனுப்ப வேண்டும்: முன் அனுமதி ஏற்பாட்டை மீட்கும் மசோதாவுக்கு நீங்கள் வாக்களிப்பீர்களா? பதில் எதுவானாலும் விருந்தினரை உட்கார வைக்கட்டும். அந்தப் பதிலை மேடையில், அவர் முன்னிலையில், விருது பெறுகிறவரே வாசிக்கட்டும்.