மென்பொருள் நிறுவனத்தின் நிபந்தனை பிடிக்கவில்லையா? நந்தனத்தில் ஒருமுறை நடந்தது இதுதான்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் கட்டாயம். தி.நகர் ஆடிட்டர் அலுவலகங்களிலும் மயிலாப்பூர் டிடிபி கடைகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பல இந்தத் தேர்வில் தேறாது. ‘நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?’ என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால், அதை முடிவு செய்யும் உரிமை கணினியைக் காசு கொடுத்து வாங்கியவரிடம் இல்லை.

காரணம், சோர்ஸ் கோடு எனப்படும் மூலநிரல் மூடியிருப்பது. மூலநிரல் திறந்திருந்தால், தயாரித்தவர் கைவிட்டாலும் வேறு யாராவது ஓட்டையை அடைக்கலாம். மூடியிருந்தால், தயாரித்தவர் மனது வைத்தால்தான் உண்டு. 2025 ஜூலையில் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு இது உறைத்தது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் பங்கு வைத்திருக்கும் அந்த எண்ணெய் நிறுவனத்துக்கு, ஐரோப்பிய ஒன்றியத் தடையைத் தொடர்ந்து மைக்ரோசாஃப்ட் சேவைகள் திடீரென நின்றன. நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போனது. சில நாட்களில் சேவை திரும்பி வந்தது. பெரிய நிறுவனம், வழக்கறிஞர் வைக்க வசதி இருந்தது. சின்னக் கடைக்காரர் எங்கே போவார்?

எல்காட் என்ன செய்தது?

இந்தச் சிக்கலுக்குச் சென்னையிலேயே ஒரு முன்கதை உண்டு. நந்தனத்தில், அண்ணா சாலையில் அலுவலகம் வைத்திருந்த தமிழக அரசின் மின்னணுக் கழகம், அதாவது எல்காட், 2007 வாக்கில் விண்டோஸை விட்டு வெளியே வர முடிவெடுத்தது. அப்போது நிர்வாக இயக்குநராக இருந்தவர் ஐஏஎஸ் அதிகாரி சி.உமாசங்கர். மூடிய மென்பொருளுக்கு எதிராக அறிக்கை விட்டுவிட்டு அவர் உட்காரவில்லை. எல்காட்டின் சொந்த அலுவலகக் கணினிகள் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாறின. பள்ளிகளுக்கு வாங்கப்பட்ட ஆயிரக்கணக்கான கணினிகளிலும் லினக்ஸ் ஏறியது.

கவனிக்க வேண்டியது இந்த வரிசை. ‘உங்க சரக்கு வேண்டாம்’ என்று எந்த வாடிக்கையாளரும் சொல்லலாம். அது வெறும் பேரமா, நிஜமா என்று விற்பவருக்குத் தெரியும். வாங்குபவரின் சொந்த ஆபிஸிலேயே மாற்று மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால், அது நிஜம்.

பிறகு ஏன் விண்டோஸ் திரும்பி வந்தது?

உமாசங்கர் 2008-ல் வேறு பொறுப்புக்கு மாற்றப்பட்டார். 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் லினக்ஸோடு விண்டோஸும் சேர்ந்தே வந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் எதிர்த்தார்கள், பெரிதாக எடுபடவில்லை. இரண்டும் இருக்கும் கணினியில் மாணவர் எதைத் திறப்பார் என்பதைச் சொல்ல ஜோசியர் தேவையில்லை. பிரவுசிங் சென்டரிலும் நண்பர் வீட்டிலும் பார்த்ததைத்தான் திறப்பார். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிய இருந்தபோது, துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது. இது தரமணி டைடல் பார்க்கில் இயங்கிய சி-டாக் சென்னைப் பிரிவு உருவாக்கியது. அந்த அறிவுறுத்தலுக்குப் பிறகும் பெரும்பாலான அரசு மேசைகளில் விண்டோஸ்தான்.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் கதை வேறு. அங்கே பள்ளிகளில் லினக்ஸ் நிலைத்துவிட்டது. கணினியோடு பாடப்புத்தகமும், ஆசிரியர் பயிற்சியும், தேர்வும் சேர்ந்து மாறியதே காரணம். தமிழகத்தில் மாறியது கணினிக்குள் இருந்த மென்பொருள் மட்டும்தான், அதுவும் ஒரு அதிகாரியின் ஊக்கத்தில்.

பூட்டு எங்கே இருக்கிறது?

ஆபரேட்டிங் சிஸ்டத்தைவிடப் பெரிய பூட்டு ஃபைலில் இருக்கிறது. தமிழ் டிடிபி உலகத்துக்கு இது பழகிய வலி. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனித்தனிக் குறியீட்டு முறை வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், அழகாக அடித்த புத்தகம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் ஏற்றது. ஆனால், பேஜ்மேக்கரில் உறங்கும் பழைய புத்தகங்கள் அப்படியேதான் இருக்கின்றன. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல்.

ஆடிட்டர்களின் சிக்கல் வேறு மாதிரி. டேலி விண்டோஸுக்கென எழுதப்பட்டது. போதாததற்கு, ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்னுக்கான ஆஃப்லைன் கருவியே எக்செல் ஃபைலாகத்தான் வருகிறது. ஓப்பன் சோர்ஸுக்கு முன்னுரிமை என்று 2015-ல் கொள்கை வெளியிட்டதும் இதே மத்திய அரசுதான். டெண்டரில் ஓப்பன் சோர்ஸையும் பரிசீலிக்க வேண்டும், ஒதுக்கினால் காரணம் எழுத வேண்டும் என்கிறது அந்தக் கொள்கை.

சுதேசி என்றால் போதுமா?

2025-ல் மத்திய அரசு அலுவலகங்கள் ஜோஹோவின் பக்கம் திரும்பின. சென்னையில் வளர்ந்த நிறுவனம் என்ற பெருமை இருக்கட்டும். வெளிநாட்டுத் தடையால் சேவை நிற்கும் அபாயம் குறையும் என்பதும் உண்மை. ஆனால், ஜோஹோவின் ஆபிஸ் மென்பொருளும் மூடிய மூலநிரல்தான். பூட்டு உள்ளூர்க்காரரிடம் இருப்பதும் பூட்டே இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல.

அரசைப் பொறுத்தவரை பேரம் பேசும் பலம் கொள்முதலில்தான் இருக்கிறது. தமிழக பட்ஜெட் 2025-26-ல் கல்லூரி மாணவர்களுக்கு 20 லட்சம் மடிக்கணினிகள் அறிவிக்கப்பட்டன. அதற்கான டெண்டரும் எல்காட் வழியாகத்தான். இத்தனை லட்சம் வாங்கும் ஒருவர், ஃபைல்கள் திறந்த ஃபார்மேட்டில் இருக்க வேண்டும், விலகும்போது தரவு முழுதாகக் கைக்கு வர வேண்டும் என்று நிபந்தனை போட்டால், எந்த விற்பனையாளரும் காது கொடுத்துக் கேட்பார்.

சின்ன அலுவலகங்களுக்கு அந்தப் பலம் இல்லை. ஆனால், எல்காட்டின் வரிசை அவர்களுக்கும் பொருந்தும். டேலிக்கென ஒரு விண்டோஸ் 11 கணினியை வைத்துக்கொண்டு, கடிதமும் பட்டியலும் அடிக்கும் மற்றவற்றை லினக்ஸ், லிப்ரே ஆபிஸுக்கு மாற்றிப் பார்க்கலாம். முதலில் ஒரே ஒரு கணினியில், ஒரு மாதம். பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு மீதியைத் தொட்டால் போதும். அவசரப்பட முடியாதவர்களுக்கு, வீட்டுக் கணினிகளுக்கான நீட்டிக்கப்பட்ட விண்டோஸ் 10 அப்டேட்டுகளுக்கு மைக்ரோசாஃப்ட் முதலில் வைத்த கெடு 2026 அக்டோபர் 13.