லைப்ரரியும் நம்ம கிளாஸ்ரூமுக்குள்ள வரணும்

போன செமஸ்டர்ல பசுமைப் பட்டாசு பத்தி மினி புராஜெக்ட் எடுத்தோம். 2018 அக்டோபர் 23 அன்னைக்கு, பட்டாசுல பேரியம் உப்பு கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னதுல இருந்து, சிவகாசியில இது எத்தனையோ குடும்பங்களோட பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். அதனால ஆர்வமாத்தான் ஆரம்பிச்சோம். ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஆய்வுக் கட்டுரையைத் திறந்தா, காசு கட்டுன்னு வந்து நிக்குது. விட்டுட்டோம்.

ரிவ்யூ முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சது, அந்த ஜர்னலுக்கு நம்ம லைப்ரரியே சந்தா கட்டுது! லாகின் விவரம் லைப்ரரி வாசல் நோட்டீஸ் போர்டுல இருக்கு. காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க ஓடுற நாங்க அந்தப் பக்கம் போனாத்தானே?

பாடம், அசைன்மென்ட், மார்க் எல்லாம் கூகுள் கிளாஸ்ரூமுக்கு வந்தாச்சு. லைப்ரரி மட்டும் வெளியில நிக்குது. அதனாலதான் நிறைய பேருக்கு பிபிடியோட படிப்பு முடிஞ்சிடுது.

2025 ஜனவரியில மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தைத் தொடங்கிச்சு. சுமார் 13,000 ஜர்னல்கள். ஆனா தொடங்கினது அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத்தான். நம்மள மாதிரி தனியார் காலேஜ்ல சந்தா போறது நம்ம ஃபீஸ்ல இருந்து. தீப்பெட்டி ஆபீஸ்லயும் அச்சகத்துலயும் வேலை பார்த்துக் கட்டின ஃபீஸ் அது. வாங்கின ஜர்னலைப் பூட்டி வெச்ச மாதிரி ஆகக் கூடாது.

செய்ய வேண்டியது பெருசா ஒண்ணுமில்ல. ஒவ்வொரு யூனிட்டுக்குக் கீழயும், புத்தகம் எந்த ரேக்ல இருக்கு, சந்தா ஜர்னல் எங்க கிடைக்கும்னு லிங்க் போடலாம். ஐஐடி காரக்பூர் நடத்துற தேசிய மின் நூலகத்துல அந்தப் பாடத்துக்கு என்ன இருக்குன்னும் சேர்க்கலாம். கிளாஸ்ரூம்ல ஒண்ணுக்கு மேற்பட்ட டீச்சர்ஸைச் சேர்க்க வசதி இருக்கு. லைப்ரரியனையும் சேர்த்துட்டா, சந்தேகத்தை அங்கயே கேட்டுக்கலாம். அவருக்கு வேலை கூடும்தான். அதனால லிங்க் தொகுக்கிற வேலையை ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் ரெண்டு மாணவர்கள் எடுத்துக்கலாம்.

"லிங்க் குடுத்தா மட்டும் படிச்சிருவீங்களா?"ன்னு கேட்பாங்க. எல்லாரும் படிக்க மாட்டோம், உண்மைதான். ஆனா தேடுறவங்களுக்காவது கிடைக்கணுமே. சீர்காழியில பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931லயே வகுத்த ஐந்து நூலக விதிகள்ல, வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்தணும்ங்கிறதும் ஒண்ணு.

நாங்க இந்த வருஷத்தோட கிளம்பிடுவோம். அடுத்த பேட்ச் புராஜெக்ட் ஆரம்பிக்கிறதுக்குள்ள, ஒரு பாடத்துலயாவது இதைச் செஞ்சு பார்க்கலாமே.