கிரெனடாவின் ஜாதிக்காயைச் சாய்த்தது புயல் மட்டும்தானா?

பிரியாணிக்கு வாசம் சேர்க்கும் ஜாதிக்காயைத் தன் தேசியக் கொடியிலேயே வைத்திருக்கிறது ஒரு நாடு. கரீபியன் கடலில் உள்ள கிரெனடாதான் அது. மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. ஆனால் 2004 வரை ஜாதிக்காய் ஏற்றுமதியில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் இந்தக் குட்டித் தீவுக்குத்தான்!

2004 செப்டம்பர் 7 அன்று இவான் புயல் வந்தது. பெரும்பாலான ஜாதிக்காய் மரங்கள் சாய்ந்தன. மறுவருடம் ஜூலையில் எமிலி புயல். அன்றிலிருந்து "ஏன் ஏற்றுமதி படுத்துவிட்டது?" என்று யார் கேட்டாலும், "புயல் அழித்துவிட்டது" என்பதுதான் பதில்.

இது பாதி உண்மைதான். 1955ல் ஜேனட் புயலும் இதே மரங்களைத்தான் சாய்த்தது. அதற்குப் பிறகும் தோட்டங்கள் எழுந்து, உலகின் இரண்டாம் இடத்தைப் பிடிக்கவில்லையா? 2004க்குப் பிறகு மட்டும் ஏன் முடியவில்லை?

ஒரு சிறு விவசாயியின் இடத்தில் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜாதிக்காய்க் கன்று காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். முழு விளைச்சலுக்குப் பதினைந்து, இருபது வருடம். நட்டது ஆண் மரமா, பெண் மரமா என்பதே பூத்த பிறகுதான் தெரியும். ஆண் மரமென்றால் காய் இல்லை. அதுவரை அடுப்பு எப்படி எரியும்? கன்றை இலவசமாகக் கொடுத்தால் போதுமா? காத்திருக்கும் வருடங்களுக்குச் சோறு போடுவது யார்?

சரி, காத்திருந்து காய்த்தாலும் விலை யார் கையில்? பெரிய உற்பத்தியாளரான இந்தோனேசியா கையில். 1980களின் பிற்பாதியில் இரு நாடுகளும் கைகோர்த்து விலையை உயர்த்திப் பார்த்தன. 1990 வாக்கில் அந்த ஏற்பாடு உடைந்தது, விலையும் சரிந்தது. நாணயத்திலும் இதே கதை. 1997-98ல் இந்தோனேசிய ரூபியா படுபாதாளத்துக்குப் போனபோது, டாலர் கணக்கில் அவர்கள் சரக்கை மலிவாக விற்க முடிந்தது. கிரெனடாவின் கிழக்குக் கரீபிய டாலரோ 1976 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று கட்டிப்போடப்பட்டது. விலைவாசிக்கு அது நல்லதுதான். ஆனால் போட்டிக்கு வளைந்து கொடுக்க வழியில்லை.

"1947லேயே விவசாயிகளுக்காகக் கூட்டுறவுச் சங்கம் வந்துவிட்டதே" என்பார்கள். உண்மை. இடைத்தரகர்களிடமிருந்து விவசாயியைக் காத்தது அதுதான். ஆனால் பல பத்தாண்டுகள் ஏற்றுமதி உரிமையைத் தனியாக வைத்திருந்தும், பெரும்பகுதிச் சரக்கு காயாகவும் பத்திரியாகவும் மூட்டையில்தானே கப்பலேறியது? எண்ணெய் எடுத்து, மருந்தும் மசாலாவும் செய்து வரும் லாபம் வேறு நாட்டுக்குத்தானே போனது?

விலை நன்றாக இருந்த வருடங்களில் ஒரு பங்கை ஒதுக்கி, புயல் நிதியும் மரக் காப்பீடும் ஏற்படுத்தியிருந்தால், 2004ல் விழுந்த விவசாயி மறுபடி நட்டிருப்பார். கைவிடப்பட்டவர் வேறு பிழைப்பைத்தான் பார்ப்பார். அவரைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

2024 ஜூலையில் பெரில் புயல் அதே நாட்டின் காரியக்கூ தீவைச் சூறையாடியது. இன்னொரு புயலும் வரத்தான் போகிறது. காற்றைத் தடுக்க எந்த அரசாலும் முடியாது. விழுந்த மரத்துக்கும் அடுத்த காய்ப்புக்கும் இடைப்பட்ட வருடங்களில் விவசாயியின் சாப்பாட்டுக்கு வழி செய்ய நிச்சயம் முடியும். அதைச் செய்யாமல் புயலை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால், ஜாதிக்காய் கொடியில் மட்டும்தான் மிஞ்சும்!