கியாஸ் கசிந்தால் அலாரம் கத்தும். வாடை இல்லாத விஷத்துக்கு?

மும்பைவாழ் தமிழர் வீடுகளில் புதிய பொருள் ஒன்றை இப்போது அங்கும் இங்குமாகப் பார்க்க முடிகிறது. சமையல் அறைச் சுவரில், பிளக்கில் செருகிய ஒரு சிறு பெட்டி. கியாஸ் கசிந்தால் வீடே அதிரக் கத்தும். ஊரிலிருந்து தாய் தந்தையரை அழைத்து வந்து வைத்திருப்பவர்களும், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களும் இதை விரும்பி வாங்குகிறார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் பெட்டியை மாட்டியதோடு கியாஸ் ஆபத்து முழுவதும் தீர்ந்தது என்று நினைப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. வீட்டுக்குள் ஆளைக் கொல்லும் வாயுக்கள் இரண்டு. கடையில் "கியாஸ் அலாரம்" என்று விற்கும் பெட்டி பெரும்பாலும் அதில் ஒன்றை மட்டுமே அறியும்.

இரண்டு எமன்கள்

முதலாவது, சமையல் கியாஸ். சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அதற்கு இயற்கையில் வாடை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்த்து அனுப்புகிறார்கள். இது தீப்பிடித்தும் வெடித்தும் கொல்லும். ஆனால் மூக்கு நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடும்.

இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு. இது எரியும் இடத்தில் பிறப்பது. கியாஸ், கரி, விறகு, பெட்ரோல் எது எரிந்தாலும், போதிய காற்று இல்லாவிட்டால் இது உண்டாகும். நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு இதைப் பற்றிக்கொள்ளும். மூச்சு நடக்கும், உடம்புக்குப் பிராணவாயு போகாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு மயக்கம். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது.

2020 ஜனவரியில் நேபாளத்தில் உள்ள டாமன் என்ற மலை ஊரில், விடுதி அறையில் கியாஸ் ஹீட்டரை வைத்துக்கொண்டு உறங்கிய கேரள சுற்றுலாப் பயணிகள் 8 பேர் மாண்டார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், கோழி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இருவர் இறந்தார்கள். டெல்லியில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கீட்டி எனப்படும் கரி அடுப்பால் உயிர்கள் போகின்றன.

மும்பையின் குளியல் அறை

மும்பையில் டெல்லி போன்ற குளிர் இல்லை, அங்கீட்டி இல்லை. இங்கே ஆபத்து கியாஸ் கீசர் உருவத்தில் வருகிறது. மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து பலரும் கியாஸ் கீசர் வைக்கிறார்கள். குழாயைத் திறந்ததும் உள்ளே தீ பற்றிக்கொள்ளும். இரண்டு ஆள் நிற்கவே இடமில்லாத குளியல் அறை. ஜன்னல் இருந்தால் அதுவும் மூடியிருக்கும். கதவுக்குத் தாழ்ப்பாள். அறையில் உள்ள பிராணவாயுவைத் தீ தின்று தீர்க்கும். அது குறையக் குறையத் தீ சரியாக எரியாமல் விஷம் பெருகும். உள்ளே இருப்பவர் மயங்கி விழுந்தாலும் வெளியே தெரிவது தண்ணீர் விழும் சத்தம் மட்டுமே.

அலாரம் வைத்த வீடுகளில்

அலாரம் வாங்கிய வீடுகளிலும் குறைகள் உண்டு. சிலிண்டரிலிருந்து குழாய் கியாசுக்கு மாறிய சிலர், பழைய அலாரத்தைப் பழைய இடத்திலேயே விட்டிருக்கிறார்கள். சிலிண்டர் கியாஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். அதற்கான அலாரம் தரையை ஒட்டி இருக்கவேண்டும். குழாய் கியாஸ் பெரும்பாலும் மீத்தேன், மேலே ஏறும். அதற்கு மேல் தளத்தை ஒட்டி வைக்கவேண்டும். கார்பன் மோனாக்சைடு ஏறக்குறையக் காற்றின் எடையே கொண்டது. அறை முழுவதும் கலந்து நிற்கும்.

இன்னும் சிலர், கொசு மருந்து அடித்தாலும் சானிடைசர் தெளித்தாலும் கத்துகிறது என்று பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள். இவ்வகை அலாரங்கள் அந்த ஆவிகளுக்கும் குரல் கொடுப்பது உண்மைதான். அதற்காகப் பிடுங்கி வைத்தால், நிஜமாகக் கசியும்போது யார் கத்துவது? உள்ளே இருக்கும் உணர்கருவிக்கும் ஆயுள் உண்டு. பெட்டியில் அச்சிட்ட தேதி கடந்தால், பச்சை விளக்கு எரிந்தாலும் அதை நம்பக்கூடாது.

அலாரம் மட்டும் போதுமா?

அப்படியானால் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வாங்கிவிட்டால் போதுமா? போதாது. காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு இந்த வாயு இருந்தால் 1 மணி முதல் 4 மணி நேரத்துக்குள்ளும், 400 பங்கு இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள்ளும் அலாரம் ஒலிக்கவேண்டும் என்பது அமெரிக்கத் தரவிதி. படுக்கை அறையில் தூங்குபவரை எழுப்ப இது உதவும். ஆனால் நீராவியால் கெடும் என்பதால் குளியல் அறையில் இதை மாட்டக்கூடாது. மூடிய கதவுக்கு வெளியே மாட்டிய அலாரம், உள்ளே குளிப்பவருக்கு நேரத்தில் உதவும் என்று சொல்ல முடியாது.

ஆகவே கீசரைக் குளியல் அறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்தி, சுடுநீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவருவதே சரியான வழி. அதுவரை, கதவைத் திறந்து வைத்து வாளியில் நீர் பிடித்து, கீசரை நிறுத்திய பிறகே குளிக்கவேண்டும்.

செலவு யாருடையது?

இங்கிலாந்தில், எரிபொருளால் இயங்கும் சாதனம் நிலையாகப் பொருத்தப்பட்ட வாடகை வீட்டு அறைகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது, 2022 அக்டோபர் 1 முதல் வீட்டுக்காரரின் கடமை ஆயிற்று. சமையல் அடுப்புக்கு மட்டும் விலக்கு. நம் நாட்டில் எல்லா வீடுகளுக்குமான அப்படிப்பட்ட சட்டம் இல்லை.

மும்பையில் 11 மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர், கீசரை இடம் மாற்றித் தரும்படி கேட்கத் தயங்குகிறார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகுமோ என்ற பயம்! தனியாகக் கேட்டால் அது தொந்தரவு. சொசைட்டிக் கூட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அது கோரிக்கை. புதிய ஒப்பந்தம் எழுதும் நேரத்தில், டெபாசிட் பேசும்போதே கீசர் இருக்கும் இடத்தையும் பேசிவிடுவது நல்லது. நம் சங்கங்கள் விழா மேடைகளில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டியவை சில. சிலிண்டர் கியாஸ் கசிந்தால் அழைக்கவேண்டிய அவசர எண் 1906. சிலிண்டரின் ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். வீட்டில் இருவர் மூவருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல் இல்லாத தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனால் தெளிந்தால், கார்பன் மோனாக்சைடைச் சந்தேகியுங்கள். உடனே எல்லோரும் வெளியேறி, ஆஸ்பத்திரிக்குச் சென்று, கீசரோ அடுப்போ எரிந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பவேண்டாம். இந்த விஷம் ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தம் என்றே காட்டும்.