பொதுக் கழிப்பிடங்களில் மழலையர்க்கும் ஓர் இடம்

குழந்தையைப் பாடிய மொழி நம் தமிழ்மொழி. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை, குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துக் காண்கிறது. கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து அசையும் நிலைக்குச் செங்கீரை என்றும், இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் நிலைக்குச் சப்பாணி என்றும் பெயரிட்டு மகிழ்ந்தவர் நம் முன்னோர். ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பாடினார். இசுலாமியத் தமிழ்ப் புலவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு பிள்ளைத்தமிழ் யாத்தனர். குழந்தையின் ஒவ்வோர் அசைவையும் இத்துணை நுணுகி நோக்கிய மரபின் வழிவந்த நாம், வீட்டை விட்டு வெளியே வந்த குழந்தையைக் கிடத்தித் துணி மாற்ற ஒரு முழ அகல மேடை அமைக்க மறந்துவிட்டோம் என்பது வருந்தத்தக்கதன்றோ?

தென்புறநகர்ப் பேருந்து நிலையம் ஒன்றில் யாம் கண்ட காட்சி இது. இரவெல்லாம் பயணம் செய்து வந்த இளந்தாய் ஒருத்தி, அழும் குழந்தையுடன் கழிப்பிடத்துள் நுழைந்தாள். சற்று நேரத்தில் அவ்வாறே திரும்பி வந்தாள். உள்ளே தரை முழுதும் ஈரம். குழந்தையைக் கிடத்த இடமில்லை. பின்னர், பயணிகள் அமரும் இருக்கையில் துண்டை விரித்து, கணவன் தன் வேட்டியின் தலைப்பை விரித்துப் பிடித்து மறைக்க, குழந்தையின் துணியை மாற்றினாள். அருகிலிருந்தோர் சிலர் முகம் சுளித்து எழுந்து சென்றனர். குற்றம் யாருடையது? தாயுடையதா, முகம் சுளித்தோருடையதா? இருவருடையதும் அன்று, குழந்தை வரும் என்பதை எண்ணாமல் கட்டடம் எழுப்பிய நம் அனைவருடையதுமே என்போம்.

தாம்பரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் இன்று சிற்றூர்கள் அல்ல. 2021ஆம் ஆண்டில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய நகராட்சிகளும், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் முதலிய பேரூராட்சிகளும் ஒன்றிணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. எழும்பூரிலிருந்து தென்திசை நோக்கிச் செல்லும் விரைவு வண்டிகள் பல தாம்பரத்தில் நின்று செல்கின்றன. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின்னர், தென்மாவட்டப் பேருந்துகளுக்கு அதுவே பெருவாயிலாயிற்று. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் பல்லாவரம் வெள்ளிச் சந்தைக்கும் கைக்குழந்தையுடன் வரும் குடும்பங்கள் எண்ணிறந்தன. குழந்தைகள் இவ்வளவாகக் கடந்து செல்லும் பகுதியில் அவர்களுக்கென ஓரிடம் வேண்டும் என்பது மிகையான கோரிக்கையன்று.

இத்திசையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று கூறுதல் நன்றியன்று. 2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில், உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டி, தமிழகப் பேருந்து நிலையங்களில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பாலூட்டும் அறைகளை அன்றைய முதல்வர் செல்வி ஜெயலலிதா திறந்து வைத்தார். பிற மாநிலங்கள் உற்றுநோக்கிய முன்முயற்சி அது. அவற்றுள் சில பூட்டிக் கிடப்பதாகப் பின்னாளில் நாளேடுகள் எழுதியதும் உண்மையே. பொதுவிடங்களில் பாலூட்டும் அறை, குழந்தைக் காப்பகம் முதலியன அமைக்குமாறு 2024 பிப்ரவரியில் நடுவணரசு மாநிலங்களுக்கு அறிவுரைக் கடிதம் விடுத்தது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதனைச் செயற்படுத்துமாறு மாநிலங்களுக்கு வலியுறுத்தியதுடன், இனித் திட்டமிடப்படும் பொதுக் கட்டடங்களில் இதற்கென முன்கூட்டியே இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்றும் கூறியது.

எனினும், பாலூட்டும் அறை வேறு. துணி மாற்றும் மேடை வேறு. முன்னதற்கு மறைவும் அமைதியும் வேண்டும். பின்னதற்கு நீரும் குப்பைக்கூடையும் வேண்டும். பால் அருந்தும் இடத்திலேயே மலத்துணியைக் களைதல் தூய்மையாகாது. மேலும், பாலூட்டும் அறைக்குள் ஆடவர் நுழைய இயலாது. மகளைத் தனியே அழைத்து வரும் தந்தைக்கும், பேரனைத் தோளில் சுமந்து வரும் பாட்டனாருக்கும் வழி என்ன? குழந்தையைப் பேணுதல் தாய்க்கு மட்டும் உரிய கடமை என்று கட்டடமே தீர்ப்பு வழங்கிவிடலாகாது. அமெரிக்க நாட்டில் 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், பொதுமக்கள் வந்துசெல்லும் நடுவணரசுக் கட்டடங்களில் ஆடவர், மகளிர் ஆகிய இருபாலார் கழிப்பிடங்களிலும் இவ்வசதி அமைய வேண்டும் என்று விதித்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

"கழிப்பிடமே போதிய அளவில் இல்லாத நாட்டில் இது வேண்டுமா?" என்று சிலர் வினவலாம். நேரிய வினாவே. ஆனால் இது கழிப்பிடத்திற்கு மாற்றாகக் கேட்கப்படுவதன்று. கட்டப்படும் கழிப்பிடத்தோடு சேர்த்துக் கேட்கப்படுவது. குழந்தையின் மலம் தீங்கற்றது என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு, அது தவறு. பெரியோர் மலத்தைப் போலவே அதுவும் வயிற்றுப்போக்கு நோய்க் கிருமிகளைப் பரப்பவல்லது. எனவே இது தாயின் வசதி மட்டுமன்று. அடுத்து அவ்விருக்கையில் அமரும் நம் அனைவரின் நலமுமாகும்.

இதற்கு வெளிநாட்டுப் பலகைதான் வேண்டும் என்பதில்லை. இடுப்பளவு உயரத்தில் ஒரு கடப்பைக் கல் மேடை, குழந்தை உருண்டு விழாதிருக்க மூன்று புறமும் உயர்ந்த விளிம்பு, கைக்கு எட்டும் தொலைவில் ஒரு குழாயும் சோப்பும், பையை மாட்ட ஒரு கொக்கி, மூடியுள்ள குப்பைக்கூடை. நம் ஊர்க் கொத்தனார் ஓரிரு நாளில் கட்டி முடிக்கும் வேலை இது. பயன்படுத்திய டயப்பரைச் சுற்றிக் கட்டியே போட வேண்டும் என 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்தன. அந்நெறியைச் சுவரில் எழுதி வைத்தால் துப்புரவுத் தொழிலாளரின் கைகளுக்கும் காப்பாகும்.

உண்மையான செலவு கல்லில் இல்லை. அதனை நாள்தோறும் துடைத்து வைக்கும் கரங்களுக்கு உரிய ஊதியத்தில் உள்ளது. அதனை மறந்து மேடை மட்டும் கட்டினால், பூட்டிக் கிடக்கும் அறைகளின் வரிசையில் இதுவும் சேரும். ஆகவே, புதிய பொதுக் கழிப்பிடங்களின் கட்டுமான ஒப்பந்தத்திலேயே இம்மேடையையும் அதன் பராமரிப்பையும் கட்டாயமாக்க வேண்டும் என உள்ளாட்சி மன்றத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம். சட்டம் வரும்வரை காத்திருத்தலும் வேண்டா. திருமண மண்டபங்கள், மருத்துவமனைகள், வழிபாட்டுத் தலங்கள், கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றை நடத்தும் பெரியோர் தத்தம் வளாகத்தில் முதலில் அமைத்துக் காட்டலாம். பட்டமளிப்பு நாளில் கைக்குழந்தையுடன் வரும் நம் பழைய மாணவியரும் அதனால் பயன்பெறுவர்.

பிள்ளைத்தமிழைப் பாடமாகப் பயிலும் மாணவச் செல்வங்கள், நாளை பொறியாளராகவும் ஆணையராகவும் மன்ற உறுப்பினராகவும் அமர்வீர்கள். கட்டட வரைபடத்தில் கையொப்பமிடுமுன் ஒரு கணம், இதில் குழந்தையைக் கிடத்த இடம் எங்கே என்று கேளுங்கள். செங்கீரையாடும் குழந்தைக்கு ஈரமற்ற ஒரு முழ இடம் கிடைத்தால், நாம் கற்ற தமிழுக்கும் பயன் விளைந்ததாகும்.