வேப்பமரத்தின் மேல் ஒரு வழக்கு

சென்ற மாதம் நமது வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. பிரதிவாதி, அடுத்த வீட்டு வேப்பமரம். குற்றம், ஆகாயத்திலிருந்து நமக்கு வரவேண்டிய தொலைக்காட்சிப் படத்தை வழிமறித்தது. வாதிகள், நம் இல்லத்தரசியார், குழந்தைகள் இருவர், அவர்களுடைய பாட்டியார் ஆக நால்வர். நீதிபதி ஹோதாவில் நாம் உட்கார்ந்திருந்தோம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த வீட்டில் நமக்குக் குமாஸ்தா உத்தியோகம்கூட இல்லை என்பதை நேயர்கள் அறிவார்கள்.

சங்கதி இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், சரியாக எல்லோரும் ஓய்வாக உட்காரும் சமயத்தில், படம் சதுரம் சதுரமாக உடையும். பாடகரின் வாய் ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமும் போகும். பிறகு "சிக்னல் இல்லை" என்று ஓர் அறிவிப்பு வரும். காற்று அடித்தால் தொல்லை அதிகம். டிஷ் மாட்டுகிற தம்பியை அழைத்தோம். அவர் மொட்டை மாடியில் ஏறினார். அசைகிற வேம்பை ஒரு முறை பார்த்தார். "மரத்தை வெட்டினால்தான் சார் சரியாகும்" என்று தீர்ப்புச் சொல்லி இறங்கிவிட்டார். கூலி முந்நூறு ரூபாய்.

மரத்தின் சொந்தக்காரரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். படப்பையில் பிறந்து வளர்ந்த பெரியவர் அவர். ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வந்து, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இரவும் பகலும் கார் ஏற்றிய நீண்ட லாரிகள் போகத் தொடங்கிய காலத்தில், அவருடைய கழனி மனைகளாயிற்று. அந்த மனைகளில் ஒன்றில்தான் நாம் வீடு கட்டிக்கொண்டு, அவருக்கு அண்டை வீட்டாராக இருக்கிறோம். கழனிக்கரையில் நின்ற மரங்களில் மிஞ்சியது இந்த வேம்பு ஒன்றுதான். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் இந்த வட்டாரத்து மரங்களையெல்லாம் வேரோடு சாய்த்தபோதும் இது நின்றது. அந்த மரத்தை வெட்டச் சொல்லி அவர் வாசலில் போய் நிற்பது எப்படி என்று நாம் இரண்டு நாள் தயங்கினோம். மூன்றாம் நாள், வாதிகளின் நச்சரிப்புத் தாங்காமல், வேலியோரம் நின்று இலேசாக விஷயத்தைச் சொன்னோம்.

"பிள்ளைங்க பார்க்கிறதுக்கு இடைஞ்சலா இருந்தா என்னத்துக்கு, வாத்தியாரே? ஆளைக் கூப்பிட்டுச் சொல்றேன்" என்றார் பெரியவர். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. அதுதான் நம்மை என்னவோ செய்தது.

அன்று இரவு தூக்கம் வராமல் காகிதமும் பென்சிலும் எடுத்தோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு முக்கோணவியல் எதற்குப் பயன்படும் என்று வருஷா வருஷம் கேட்கிறார்களே, அதற்கும் ஒரு பதில் கிடைத்தது.

பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோளை ஓடவிட்டால், அது பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால், கீழேயிருந்து பார்ப்பவர்களுக்கு ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில் நிற்கும். இத்தகைய கோள்களைக் கொண்டு உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945-இல் எழுதியவர் ஆர்தர் கிளார்க். பின்னாளில் இலங்கையில் குடியேறி, 2008-இல் கொழும்பில் காலமானவர். நம் தேசத்தில் இதை முதலில் சோதித்தது 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு காலம். அமெரிக்கர் இரவல் கொடுத்த கோளைக் கொண்டு, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில். அப்போது கோழிவலைக் கம்பியால் செய்த, பத்தடி அகலமுள்ள கிண்ணம் வேண்டியிருந்தது. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை.

நிற்க. நம் வீட்டுக்கு வருவது தூர்தர்ஷனின் இலவச ஒளிபரப்பு. அதை அனுப்பும் ஜிசாட்-15, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. படப்பையோ ஏறத்தாழ 80 டிகிரியில், பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. கணக்குப் போட்டால், கோள் நமக்குத் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து 68 டிகிரி உயரத்தில் இருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல்! இலண்டன்வாசிகளுக்கு அவர்களுடைய கோள் சுமார் 25 டிகிரி உயரத்திலேயே நிற்பதால், தோட்டத்து மரமெல்லாம் அவர்களுக்குச் சத்துரு. நமக்கு அப்படியில்லை. கிண்ணத்திலிருந்து பத்தடி தள்ளி நிற்கும் பொருள், கிண்ணத்தைவிட இருபத்தைந்து அடி உயர்ந்தால்தான் குறுக்கே வர முடியும்.

ஆனால் கிண்ணத்தைப் பார்த்தால் அவ்வளவு உயரத்தை நோக்குவதாகத் தெரியவில்லையே என்று கேட்பீர்கள். அங்கேதான் ஏமாற்று. வீட்டுக் கிண்ணங்களின் கைப்பிடி நடுவில் இராமல் கீழ்விளிம்பிலிருந்து நீண்டிருக்கும். அதனால் அவை பார்ப்பதுபோல் தோன்றும் திசைக்கு இருபது, இருபத்தைந்து டிகிரி மேலேயிருந்து அலைகளை வாங்குகின்றன. மாறுகண் உள்ளவர் யாரைப் பார்க்கிறார் என்று தெரியாமல் நாம் திகைப்பதில்லையா? நம் கிண்ணம் வேம்பைப் பார்ப்பதுபோல் இருந்தது. உண்மையில் அது வேம்பின் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, கோணமானியில் நூலும் ஒரு சாவியும் கட்டித் தொங்கவிட்டு, கிண்ணத்தருகில் குனிந்து மரத்தை அளந்தோம். மிக உயரமாய்த் தெரிந்த கொழுந்தும் 50 டிகிரிக்கு மேல் இல்லை. இலைகள் குற்றமே செய்யாதவை என்று சொல்லவில்லை. இந்த அலைகளின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். இலையிலுள்ள நீர் அவற்றைக் குடித்துவிடும், மழையில் நனைந்த இலை இன்னும் அதிகமாகக் குடிக்கும். ஆனால் குறுக்கே வந்தால்தானே குடிப்பதற்கு?

கணக்குப் பிடிக்காதவர்களுக்குச் சூரிய பகவானே சாக்ஷி சொல்வார். மார்ச் 15-ஐ ஒட்டிய நாட்களில் காலை பதினொன்றேகால் மணிக்கும், செப்டம்பர் 28-ஐ ஒட்டி பதினொரு மணிக்கும், நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய அந்தக் கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்பார். அப்போது மரத்தின் நிழல் கிண்ணத்தின்மேல் விழாவிட்டால், மரம் நிரபராதி. (வேறு கோளிலிருந்து படம் பெறுகிறவர்களுக்கு நேரம் சற்று மாறும்.)

அப்படியானால் குற்றவாளி யார்? கோணமானியோடு நிமிர்ந்தபோது நம் தலையில் ஈர வேட்டி ஒன்று மோதிற்று. கிண்ணத்தின் கம்பத்துக்கும் மாடிப்படிச் சுவருக்கும் நடுவே துணிக்கொடி! அதைக் கட்டியவர்கள், ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள், சாக்ஷாத் நாமேதான். ஞாயிறன்று வாரத் துணி முழுதும் அதில் ஏறும், காற்றில் புடவைகள் பாய்மரம்போல் இழுக்கும், கம்பம் சாயும். கிண்ணம் இரண்டு மூன்று டிகிரி விலகினாலே கோள் கண்ணிலிருந்து தப்பிவிடும். கயிற்றை அவிழ்த்து, கம்பத்தின் திருகாணிகளை இறுக்கினோம். படம் பளிச்சென்று வந்தது.

இலண்டனில் கானரி வார்ஃப் கோபுரம் தங்கள் தொலைக்காட்சியை மறைத்ததென்று அண்டை வீட்டார் வழக்காடினார்கள். கட்டடம் வெறுமே நிற்பதனால் படம் கெட்டால் அதற்குப் பிராது இல்லை என்று 1997-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் வழக்கிலோ பிராது கொடுத்தவர்களே குற்றவாளிகள்.

சந்தோஷத்தோடு பெரியவர் வீட்டுக்கு ஓடினோம். வாசலில் இரண்டு ஆடுகள் வேப்பந்தழையை மென்றுகொண்டிருந்தன. நம் பக்கம் நீண்டிருந்த பெரிய கிளை இரண்டும் துண்டு துண்டாகச் சுவரோரம் அடுக்கியிருந்தன. விடியற்காலையிலேயே ஆள் வந்துவிட்டானாம்.

"படம் வருதா, வாத்தியாரே?" என்றார் பெரியவர் ஆவலோடு.

"நன்றாக வருகிறது" என்றோம்.

"அப்ப சரி. மத்த கிளைங்க இருக்கட்டுமில்ல?"

"இருக்கட்டும், ஐயா. ஒன்றையும் தொடவேண்டாம்."

துணிக்கொடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. பெரியவர் பத்திரிகை படிப்பதில்லை. ஆனால் அவருடைய பேத்தி இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் வாசித்துக் காட்டுகிறாளென்று நேற்றுத்தான் தெரிந்தது.