காலுக்கு எந்த நிறம்?

மகனுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்துவிட்டால் இல்லம் முழுவதும் பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. சட்டையைத் தேய்த்து வைப்பதும் சான்றிதழ்களை அடுக்கி வைப்பதும் உம்மாவின் பொறுப்பாகின்றன. புதிய கால்சட்டை தைக்கக் கொடுக்கப்படுகிறது. கழுத்துப்பட்டை உறவினர் ஒருவரிடமிருந்து இரவலாக வந்து சேர்கிறது. எல்லாம் முடிந்து, புறப்படுவதற்கு முந்தைய இரவில்தான் காலணியின் நினைவு வருகிறது. சென்ற பெருநாளுக்கு வாங்கியது எங்கே கிடக்கிறது, காக்காவின் ஷூ தம்பிக்குப் பொருந்துமா என்ற தேடல் அப்போதுதான் தொடங்குகிறது. கிடைத்ததை மாட்டிக்கொண்டு பிள்ளை புறப்பட்டுவிடுகிறான்.

காலில் கிடப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது நம்மில் பலருடைய எண்ணம். ஆனால் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்ப்பதோடு நில்லாமல், அதை வைத்து மனிதரை எடைபோடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இலண்டன் தந்த பாடம்

2016 செப்டம்பரில் பிரித்தானியாவின் சமூக முன்னேற்ற ஆணையம் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. இலண்டன் மாநகரின் முதலீட்டு வங்கிகளில் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஏன் இடம் கிடைப்பதில்லை என்பதை அந்த அறிக்கை ஆராய்ந்தது. படிப்பிலும் அறிவுக்கூர்மையிலும் குறையில்லாத இளைஞர்கள்கூடப் பேச்சு, உடை, நடை ஆகியவற்றில் எழுதப்படாத சில விதிகளை அறியாத காரணத்தால் பின்தள்ளப்படுகிறார்கள் என்று அது கண்டது. அவ்விதிகளுள் ஒன்று உலகப் பத்திரிகைகளில் எல்லாம் பேசப்பட்டது. தொழில்முறைச் சூட்டுடன் ஆண்கள் பழுப்பு நிற ஷூ அணிவதை அவ்வங்கிகளில் பலர் தகாத செயலாகக் கருதினார்கள் என்பதே அது.

அந்த விதிக்குப் பழைய வேர் உண்டு. இலண்டனில் வணிகம் செய்த கனவான்கள் அலுவல் நாட்களில் கறுப்பு ஷூ அணிந்தார்கள். பழுப்பு என்பது ஓய்வு நாட்களில் கிராமப்புறத்து மாளிகைக்குச் செல்லும்போது அணிவதற்கு உரியதாக இருந்தது. அத்தகைய குடும்பத்தில் பிறந்தவனுக்குத் தந்தையைப் பார்த்தே இது பழகிவிடும். தொழிலாளியின் மகனுக்கு அதை யார் சொல்லித் தருவார்? அவன் தன் கையிருப்பில் நல்லது என்று நினைத்த ஒரு ஷூவை வாங்கி, அழகாகத் துடைத்து அணிந்து சென்றிருப்பான். அந்த நிறமே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

பிற்காலத்தில் அலுவலக உடை விதிகள் தளர்ந்திருக்கின்றன என்பதும் உண்மையே. 2019-ஆம் ஆண்டில் கோல்ட்மேன் சாக்ஸ் என்னும் பெரும் வங்கியே தன் ஊழியர்களுக்கான உடைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஆயினும் உள்ளே பணியில் அமர்ந்துவிட்டவருக்குக் கிடைக்கும் சலுகை, வாசலில் காத்திருப்பவருக்கும் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. சென்னையிலானாலும் துபாயிலானாலும், முதல்முறை முகம் காட்டச் செல்லும் பிள்ளைக்கு இந்த அறிவு தேவைப்படுகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வளரும் பிள்ளைக்கு அது இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

நம்மவர் அறிந்த தோல்

ஷூ என்பது நமக்கு அந்நியமான பொருள் அன்று. பாலாற்றங்கரையில் ஆம்பூரும் வாணியம்பாடியும், அவற்றையொட்டிய பேரணாம்பட்டும், சற்றுத் தொலைவில் இராணிப்பேட்டையும் தோலுக்கும் காலணிக்கும் பெயர் பெற்ற ஊர்கள். நம் சமுதாயத்தவர் பல தலைமுறைகளாக அங்கே தோல் பதனிட்டு வாழ்ந்து வருகிறார்கள். ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லும் ஷூக்கள் அவ்வூர்த் தொழிற்கூடங்களில் உருவாகின்றன. அவற்றைத் தைக்கும் கைகளில் பெரும்பகுதி பெண்களுடையவை. அயல்நாட்டார் காலுக்கு அழகு செய்து அனுப்புகிற நாம், நம் பிள்ளையின் காலுக்கு எது பொருந்தும் என்று அறியாமல் இருக்கலாமா?

தோலின் இயல்பைச் சிறிது அறிந்துகொண்டால் நிறத்தைத் தேர்வது எளிதாகும். குரோம் உப்பினால் பதனிடப்பட்ட தோல், உருளையிலிருந்து வெளிவரும்போது வெளிர்நீலமாக இருக்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிடும் பழைய முறையில் அது மஞ்சள் கலந்த வெளிர்பழுப்பாக வரும். கறுப்பும் காப்பிக்கொட்டை நிறமும் அதன்பிறகு ஏற்றப்படுபவையே. முள் கீறிய தழும்பும் உண்ணி கடித்த வடுவும் கறுப்புச் சாயத்தின் அடியில் பெரும்பாலும் மறைந்துவிடும். இளம்பழுப்பில் அவை மறையா. ஆகவே நல்ல இளம்பழுப்பு ஷூவுக்கு மாசற்ற தோல் தேவைப்படுகிறது, விலையும் ஏறுகிறது. மலிவாகக் கிடைக்கும் இளம்பழுப்பு ஷூக்களில் பலவற்றில் குறைகளை மறைக்கத் தடித்த வண்ணப்பூச்சு பூசப்பட்டிருக்கும். சில மாதங்களில் விரல் மடங்கும் இடத்தில் அது வெடித்துத் தோன்றும். கையில் இருக்கும் தொகை குறைவாயின் கறுப்பை நாடுவதே அறிவுடைமை. அதே தொகைக்குக் கறுப்பில் உழைக்கும் பொருள் கிடைக்கும்.

முதல் ஜோடியும் இரண்டாம் ஜோடியும்

ஒரே ஒரு ஜோடிதான் வாங்க இயலும் என்ற நிலையில் உள்ள குடும்பங்கள் அதிகம். அவர்கள் தயங்க வேண்டியதில்லை. கறுப்பு நிறத்தில், பூவேலையோ துளை வேலையோ இல்லாத, கயிறு கட்டும் எளிய தோல் ஷூவை வாங்குங்கள். நேர்முகத் தேர்வு, அலுவலகம், மாலை விருந்து ஆகிய எல்லாவற்றுக்கும் அது போதும். வேலை கிடைத்து இரண்டாவது ஜோடி வாங்கும் காலம் வரும்போது அடர்ந்த பழுப்பை வாங்கலாம். இளம்பழுப்பும், அரக்கு நிறம் எனப்படும் கருஞ்சிவப்பும் அதற்கும் பின்னால் வரவேண்டியவை.

ஷூவின் நிறத்தைச் சட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. சட்டைக்கும் ஷூவுக்கும் இடையே நீண்ட கால்சட்டை இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பொருத்தம் பார்க்க வேண்டியது கால்சட்டையோடுதான். ஷூ, கால்சட்டையின் அடர்த்திக்குச் சமமாகவோ அதைவிடச் சற்று அடர்ந்ததாகவோ இருப்பது நலம். கால்சட்டையைவிட ஷூ மிக வெளிறியிருந்தால் பார்ப்பவரின் கண் முகத்தை விட்டுக் காலுக்கே ஓடும்.

இதனடியாக ஒவ்வொரு நிறத்தையும் பார்ப்போம். கறுப்புக் கால்சட்டைக்குக் கறுப்பு ஷூ ஒன்றே பொருந்தும். கரிச்சாம்பல் நிறத்துக்குக் கறுப்பு முதலிடம் பெறும்; அரக்கு நிறமும் ஒத்துவரும். வெளிர்சாம்பலுக்குக் கறுப்பும் பழுப்பும் இரண்டும் பொருந்தும். கருநீலத்துக்குக் கறுப்பு, அடர்பழுப்பு, அரக்கு ஆகிய மூன்றில் எதுவும் தகும். ஆயினும் நேர்முகத் தேர்வு நாளில் கறுப்பே பாதுகாப்பானது. பழுப்புக் கால்சட்டைக்கு அதனினும் அடர்ந்த பழுப்பு ஷூ வேண்டும். கறுப்பு அங்கே ஒட்டாது. காக்கி, சந்தன நிறம் போன்ற வெளிர்நிறங்களுக்குப் பழுப்பு வகைகள் இயல்பாக அமையும். கறுப்பு சற்றுப் பாரமாகத் தெரியும்.

இடைவாரின் நிறம் ஷூவின் நிறத்தை ஒத்திருக்க வேண்டும். கறுப்பு ஷூவுக்கு மேலே பழுப்பு பெல்ட் தெரிந்தால் அவசரத்தில் உடுத்தியது போலத் தோன்றும். காலுறையோ கால்சட்டையின் நிறத்தைப் பின்பற்ற வேண்டும். அமரும்போது கால்சட்டை மேலேறும் அல்லவா? அந்நேரத்தில் விளையாட்டு மைதானத்துக்குரிய வெள்ளைக் காலுறை வெளியே தெரிவது அழகன்று.

நாளொன்றுக்குப் பலமுறை காலணியைக் கழற்றிவிட்டுப் பள்ளிவாசலுக்குள் செல்லும் நம்மவருக்குக் காலுறை வெறும் அலங்காரமாக மட்டும் இருப்பதில்லை. கிழிசலும் நாற்றமும் இல்லாத காலுறை பக்கத்தில் நிற்பவருக்கு நாம் செய்யும் மரியாதையாகும். கயிறு அவிழ்த்துக் கட்டுவது சிரமம் என்பவர்கள், கயிறில்லாமல் காலை நுழைக்கும் ஷூவை அன்றாட அலுவலுக்கு வைத்துக்கொள்ளலாம். நேர்முகத் தேர்வுக்கு மட்டும் கயிறுள்ளதையே அணிவது நன்று. வாங்கும்போது உள்ளே ஒட்டியிருக்கும் தோல் எது என்றும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். சில ஷூக்களில் உட்புறத்துக்குப் பன்றித்தோல் பயன்படுத்தப்படுவதுண்டு. மும்மூன்று புள்ளிகளாகக் கூடிய மயிர்த்துளைகள் அதன் அடையாளம்.

மாப்பிள்ளைக்கு

நிக்காஹ் நாளின் உடைக்குச் சூட்டின் கணக்கு எப்போதும் செல்லாது. சந்தன நிறத்திலோ பொன்னிழை வேலைப்பாட்டிலோ ஷெர்வானி அணியும் மாப்பிள்ளைக்கு இளம்பழுப்பு அல்லது பொன்னிறக் காலணி இசையும். அதனடியில் அலுவலகக் கறுப்பு ஷூ, இரவல் வாங்கியது போலத் தெரியும். கறுப்பு ஷெர்வானிக்குக் கறுப்பே தகும். வெள்ளை வேட்டிக்கும் வெள்ளை ஜிப்பாவுக்கும் ஷூவே வேண்டாம். பழுப்புத் தோல் செருப்பு கம்பீரமாக இருக்கும். அந்த ஒருநாளைக்காக, மீண்டும் அணிய முடியாத பளபளப்பான ஷூவுக்குப் பெருந்தொகை செலவிடுவதைவிட, வலீமாவில் அணியும் சூட்டுக்குப் பொருந்தி, பின்னர் அலுவலகத்துக்கும் உதவும் ஒன்றை வாங்குவது சிக்கனம். புது வாழ்வு தொடங்கும் பிள்ளைக்கு அந்தத் தொகை வேறு வகையில் பயன்படும்.

கடையில் கவனம்

கடை விளக்கின் மஞ்சள் ஒளியில் கருநீலம் கறுப்பாகத் தோன்றும். அடர்பழுப்பும் கறுப்பாகத் தோன்றும். வீட்டுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் உண்மை விளங்கும். ஆகவே எந்தக் கால்சட்டைக்கு வாங்குகிறோமோ அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரின் அனுமதியுடன் வாசலுக்கு வந்து, இரண்டையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பாருங்கள். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அளவு பார்ப்பதற்கு அந்நேரமே ஏற்றது. வெளிச்சம் மங்குவதற்கு முன் சென்றால் நிறம், அளவு இரண்டும் சரியாக அமையும்.

வாங்கிய நிறம் நிலைப்பது பராமரிப்பினால்தான். தூசியைத் துணியால் துடைத்த பிறகே பாலீஷ் இட வேண்டும். பழுப்பு ஷூவுக்கு அதே நிறத்துப் பாலீஷோ, நிறமற்ற பாலீஷோ மட்டும் தகும். கறுப்புக்குப் பயன்படுத்திய தூரிகை பழுப்பின் மேல் படவே கூடாது. மழையில் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். பழுப்பு ஷூ வெளுத்துக் கறை படிந்துவிட்டதா? எறிந்துவிடாதீர்கள். காலணி தைப்பவரிடம் கொடுத்தால் கறுப்புச் சாயம் ஏற்றித் தருவார். கறுப்பைப் பழுப்பாக்க முடியாது. பழுப்பைக் கறுப்பாக்க முடியும். வீட்டில் கிடக்கும் காக்காவின் பழைய பழுப்பு ஷூ, சிறு செலவில் தம்பியின் நேர்முகத் தேர்வுக்கு உதவக்கூடும்.

ஒரு சொல் மீதமிருக்கிறது. காலணியின் நிறத்தைக் கொண்டு ஒருவனுடைய தகுதியை அளப்பது நியாயம் என்று நாம் சொல்லவில்லை. இலண்டன் அறிக்கை எழுதப்பட்டதே அது அநியாயம் என்பதை உணர்த்தத்தான். அநியாயமான பூட்டாக இருந்தாலும் அதன் சாவியை நம் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புவது பெற்றோரின் கடமை. அந்தப் பிள்ளை படித்து உயர்ந்து, நாளை மேசைக்கு மறுபுறம் அமர்ந்து பிறரைத் தேர்ந்தெடுக்கும் நிலையை அடையலாம். எதிரே ஒரு எளிய வீட்டு இளைஞன் பொருந்தாத நிறத்தில், ஆனால் தூய்மையாகத் துடைத்த ஷூவோடு வந்து நிற்கலாம். அப்போது அவன் காலைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துப் பேசும் பண்பையும் நம் பிள்ளைக்கு இப்போதே சொல்லி வைப்போம்.